எழுதப்படாத உயில்: வாழ்க்கைப் பருவங்களும் இந்து வாரிசுரிமைச் சட்டமும்

ஆய்வுச் சுருக்கம்

உயில் எழுதுவது முதுமையில் செய்யவேண்டிய செயல் என்னும் எண்ணம் தமிழ்ச் சமூகத்தில் பரவலாக உள்ளது. உயில் எழுதாமல் இறப்பவரின் சொத்தை 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் தானே பங்கிடுகிறது. இறந்தவர் மணமாகாதவரா, மக்களைப் பெற்றவரா, ஆணா, பெண்ணா என்பதைப் பொறுத்து அப்பங்கீடு மாறுகிறது. அது பல இடங்களில் குடும்பத்தார் இயல்பாக எதிர்பார்ப்பதற்கு மாறாகவும் அமைகிறது. வாழ்க்கைப் பருவங்கள் ஒவ்வொன்றிலும் சட்டத்தின் பங்கீடு எவ்வாறு அமைகிறது, அதனை மாற்ற விரும்புவோர் எக்கருவிகளைக் கையாளலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உயில், வாரிசுரிமை, நியமனதாரர், பூர்வீகச் சொத்து, இளவர், ஏற்பாட்டு ஆவணம்

முன்னுரை

இந்தியாவில் இறந்தவரின் சொத்தின்மீது விதிக்கப்பட்ட வரி 1953ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்து, 1985இல் நீக்கப்பட்டது. மேலை நாடுகள் சிலவற்றில் சொத்துத் திட்டமிடல் என்பது பெரும்பாலும் வரியைக் குறைக்கும் முயற்சியாகவே அமைகிறது. இந்தியாவில் அதன் மையச் சிக்கல் யாருக்கு எவ்வளவு, எப்போது, யாருடைய பொறுப்பில் சேரவேண்டும் என்பதேயாகும். எனவே இது செல்வந்தருக்கு மட்டும் உரிய பொருளன்று. ஒரு வீடும் ஒரு வங்கிக் கணக்கும் உடைய எளிய குடும்பத்தையும் இது தொடுகிறது.

இக்கட்டுரை இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் எல்லைக்குள் நின்று இப்பொருளை அணுகுகிறது. கிறித்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும், இசுலாமியர்களுக்கு அவர்தம் தனிச்சட்டமும் பொருந்தும். அவை தனி ஆய்வுக்குரியன.

சட்டம் எழுதும் உயில்

1956 ஜூன் 17ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, உயிலின்றி இறக்கும் ஆணின் சொத்து யாரைச் சேரும் என்பதை வரையறுக்கிறது. மகன், மகள், மனைவி, தாய் ஆகியோரும், முன்னரே இறந்துவிட்ட மகன் அல்லது மகளின் மக்கள் முதலியோரும் முதல் வகுப்பு வாரிசுகள் ஆவர். இவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் உரிமை பெறுவர். இவர்களுள் ஒருவரேனும் இருக்கும்வரை இரண்டாம் வகுப்பினருக்கு எதுவும் இல்லை. இரண்டாம் வகுப்பின் முதலிடத்தில் தந்தை இருக்கிறார். உடன்பிறந்தோர் அவருக்கும் பின்னர் வருகின்றனர்.

இப்பட்டியலை, உயில் எழுதாதவருக்காகச் சட்டம் எழுதிவைத்த உயில் எனலாம். உயில் எழுதாதிருப்பதும் ஒரு தேர்வே. அத்தேர்வின் விளைவை அறிந்தவர் சிலரே. வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழ் வாரிசுகள் யாவர் என்பதைக் காட்டுகிறதேயன்றி, ஒவ்வொருவரின் பங்கையும் தீர்மானிப்பதில்லை. பங்கைத் தீர்மானிப்பது சட்டத்தின் 10ஆம் பிரிவாகும்.

மணமாகாத பருவம்

வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகளான மணமாகாத இளைஞர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவர் தந்தையின் ஓய்வூதியத் தொகையையும் வங்கிக் கடனையும் கொண்டு தம் பெயரில் அடுக்குமாடி வீடொன்றை வாங்குகிறார். அவர் உயிலின்றி இறந்தால் அவ்வீடு முழுவதும் தாயைச் சேரும். பணம் கொடுத்த தந்தைக்கு வாரிசு என்னும் முறையில் பங்கில்லை. பெற்றோர் இணைந்து வாழும் குடும்பத்தில் இது பெரிய வேறுபாடாகத் தோன்றாது. பிரிந்து வாழும் பெற்றோரிடையே இதுவே வழக்காகிவிடும்.

பதினெட்டு வயது நிறைந்த, தெளிந்த மனநிலையுடைய எவரும் உயில் எழுதலாம் என்பது 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 59ஆம் பிரிவு. ஆகவே முதல் வீடோ முதல் பெருஞ்சேமிப்போ உருவாகும் நாளே உயிலைப் பற்றி எண்ணத் தொடங்கவேண்டிய நாளாகும்.

திருமணமும் நியமனமும்

திருமணம் சட்டத்தின் பங்கீட்டை ஒரே நாளில் மாற்றிவிடுகிறது. மேற்கூறிய இளைஞர் மணந்து, மக்கள் பிறக்குமுன் இறந்தால் அவருடைய வீடு மனைவிக்கும் தாய்க்கும் சரிபாதியாகச் சேரும். வீடு தமக்கே உரியது என்று கருதும் மனைவியும், மகன் வீடு தமக்கே உரியது என்று கருதும் தாயும் விரும்பாமலேயே கூட்டு உரிமையாளர் ஆகின்றனர். மணமுறிவுத் தீர்ப்பு கிடைக்கும்வரை பிரிந்து வாழும் துணையும் வாரிசே என்பதும் இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

வேலைக்குச் சேர்ந்த நாளில் நிரப்பிய நியமனப் படிவங்களை மணத்திற்குப் பின் திருத்துவோர் குறைவு. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதித் திட்டம், 1952 இதில் தெளிவான விதியைக் கொண்டுள்ளது. குடும்பம் இல்லாதபோது செய்த நியமனம், உறுப்பினருக்குக் குடும்பம் அமைந்தவுடன் செல்லாததாகிவிடும். உயிலின் நிலை இதற்கு நேர்மாறானது. இந்து ஒருவர் மணத்திற்கு முன் எழுதிய உயில் மணத்தால் இரத்தாவதில்லை. உடன்பிறந்தாருக்கு எழுதிய பழைய உயிலை மாற்ற மறந்தவரின் மனைவி, அவ்வுயிலின் முன் வாரிசுரிமை இழந்து நிற்க நேரும். கிறித்தவர் எழுதிய உயிலோ அவர் மணந்தவுடன் இரத்தாகிவிடும்.

வங்கிகளில் நாமினி எனப்படும் நியமனதாரரே சொத்தின் உரிமையாளர் என்னும் எண்ணமும் திருத்தத்திற்குரியது. சர்பதி தேவி எதிர் உஷா தேவி வழக்கில், காப்பீட்டுத் தொகையைப் பெறும் நியமனதாரர் அதனைப் பெற்றுக்கொள்ளும் அதிகாரம் மட்டுமே உடையவர் என்றும், தொகை வாரிசுகளுக்கே உரியது என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் ஆயுள் காப்பீட்டில் இந்நிலையை ஓரளவு மாற்றியது. பெற்றோர், துணை, மக்கள் ஆகியோர் நியமிக்கப்பட்டிருந்தால் பயனுக்கும் அவர்களே உரியவர் ஆவர். நிறுவனப் பங்குகளைப் பொறுத்தவரை பழைய கோட்பாடே நிலைத்துள்ளது. சக்தி யெஸ்தானி வழக்கில் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. வங்கி வைப்புகளுக்கு நான்கு பேர் வரை நியமிக்கும் வசதி 2025 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. எத்தனை பேரை நியமித்தாலும், நியமனம் உயிலுக்கு ஈடாகாது.

இளவர் உள்ள குடும்பம்

அதே குடும்பத்தில் இரு குழந்தைகள் பிறந்தபின் கணவர் இறந்தால், தாய், மனைவி, இரு மக்கள் ஆகிய நால்வருக்கும் வீட்டில் கால் பங்கு வீதம் சேரும். கருவில் இருக்கும் குழந்தைக்கும், உயிருடன் பிறக்குமாயின், இவ்வுரிமை உண்டு. இங்கு இரண்டு சிக்கல்கள் எழுகின்றன.

முதலாவது, இளவரின் பங்கு. மனைவி கடனை அடைப்பதற்காக வீட்டை விற்க முனைந்தால், மக்களின் பங்கை விற்க நீதிமன்றத்தின் முன்அனுமதி வேண்டும். 1956ஆம் ஆண்டின் இந்து இளமை மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8ஆம் பிரிவு இதனை வலியுறுத்துகிறது. அனுமதியின்றி நடந்த விற்பனையை இளவர் பின்னாளில் இரத்துசெய்ய முடியும். ஆகையால் வாங்குபவர் தயங்குவர். இளவரைக் காக்க எழுந்த இவ்விதி, பணம் உடனடியாகத் தேவைப்படும் தாய்க்குக் காலத் தாழ்வை உண்டாக்குகிறது. வீட்டை மனைவிக்கே முழுதாக அளிக்கும் உயில் இக்காலத் தாழ்வைத் தவிர்க்கும்.

இரண்டாவது, தாயின் கால் பங்கின் எதிர்காலம். கணவரை இழந்த அத்தாய்க்கு இன்னொரு மகனும் ஒரு மகளும் உள்ளனர் எனக் கொள்வோம். அவர் உயிலின்றி இறந்தால் அவருடைய கால் பங்கு மூன்று கிளைகளாகப் பிரியும். உயிருடன் உள்ள மகனுக்கும் மகளுக்கும் வீட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு வீதமும், இறந்த மகனின் மக்கள் இருவருக்கும் சேர்த்துப் பன்னிரண்டில் ஒரு பங்கும் கிடைக்கும். இப்போது விதவையின் வீட்டில் அவருடைய கொழுந்தனும் நாத்தனாரும் பங்காளிகள் ஆகின்றனர். இதில் எவரும் தீங்கு நினைக்கவில்லை. சட்டம் வரைந்த வழியில் சொத்து நகர்ந்துள்ளது. ஆயினும் பாகப்பிரிவினை வழக்கொன்றுக்கான எல்லாக் கூறுகளும் அங்கு உருவாகிவிட்டன.

இப்பருவத்தில் எழுதும் உயிலில் மக்களுக்குக் காப்பாளரை நியமிக்கவும் வழியுண்டு. தாம் இல்லாத காலத்தில் தம்மைச் சார்ந்து வாழவேண்டிய, அறிவுத்திறன் குறைபாடுடைய மகனையோ மகளையோ உடைய பெற்றோர், சொத்தை நேரடியாக அளிப்பதைவிட 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைகள் சட்டத்தின்கீழ் பொறுப்பாளர்வழி அளிப்பதைக் கருதலாம். அத்தகையோருக்குச் சட்டமுறைக் காப்பாளரை நியமிக்க 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இடமளிக்கிறது.

பெண்ணின் சொத்து

சட்டம் எழுதிய உயிலுக்கும் இயல்பான எதிர்பார்ப்புக்கும் உள்ள இடைவெளி, பெண்ணின் சொத்தில்தான் மிகுதி. உயிலின்றி இறக்கும் பெண்ணின் சொத்தை 15ஆம் பிரிவு பங்கிடுகிறது. முதலில் மக்களும் கணவரும், அடுத்துக் கணவரின் வாரிசுகள், அதன்பின்னரே பெண்ணின் தாய் தந்தையர் என வரிசை அமைகிறது. மக்களில்லாத பெண்ணுக்குப் பெற்றோர்வழி வந்த சொத்து தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும் என்பது ஒரு விலக்கு. அவர் தாமே உழைத்து ஈட்டிய சொத்துக்கு இவ்விலக்கு இல்லை.

ஓம் பிரகாஷ் எதிர் ராதா சரண் வழக்கு இதன் கடுமையை உணர்த்துகிறது. மணமாகிச் சில மாதங்களிலேயே கணவரை இழந்து, புகுந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட பெண் ஒருவர், பிறந்த வீட்டாரின் ஆதரவில் படித்து, வேலை பார்த்துப் பொருளீட்டினார். அவர் உயிலின்றி இறந்தபோது அச்சொத்து கணவரின் உறவினருக்கே சேரும் என 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பரிவு வேறு, சட்டத்தின் சொல் வேறு என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை. அதற்கு முந்தைய ஆண்டே, பெண்ணின் தன் ஈட்டிய சொத்தைப் பொறுத்து 15ஆம் பிரிவைத் திருத்தவேண்டும் எனச் சட்ட ஆணையம் தன் 207ஆவது அறிக்கையில் பரிந்துரைத்திருந்தது.

இதனோடு 21ஆம் பிரிவையும் இணைத்து நோக்கவேண்டும். இருவர் ஒரே விபத்தில் இறந்து, யார் முதலில் இறந்தார் என்பது தெரியாவிடில், வயதில் இளையவர் மூத்தவருக்குப் பின் இறந்ததாகக் கொள்ளப்படும். மக்களில்லாத கணவனும் மனைவியும் அவ்வாறு இறந்தால், மனைவி இளையவராயின், அவர் ஈட்டிய சொத்தும் கணவரின் வாரிசுகளையே சேரும். மகளைப் படிக்கவைத்த பெற்றோருக்கு அதில் பங்கில்லை. மகளின் கையொப்பம் உள்ள ஒரு பக்க உயில் இவ்விளைவு முழுவதையும் மாற்றிவிடும். பணிக்குச் செல்லும் பெண்ணுக்கு உயில் ஆணைக்காட்டிலும் இன்றியமையாதது என்பதற்கு இதுவே காரணம்.

பூர்வீகச் சொத்தும் மகள்களும்

நடு வயதில் பெரும்பாலோர் பெற்றோரின் சொத்தைப் பங்கிடும் கட்டத்தை அடைகின்றனர். பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை வழங்கிய 1989ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருத்தம் அவ்வாண்டு மார்ச் 25 முதல் பொருந்தியது. அதற்கு முன் மணமானவர்களை அது விலக்கியது. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த நடுவண் அரசின் திருத்தத்தில் அவ்விலக்கு இல்லை. வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா வழக்கில் 2020 ஆகஸ்டு 11 அன்று, இவ்வுரிமை பிறப்பால் வருவது என்றும், அந்நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்கவேண்டியதில்லை என்றும் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இங்கு இரண்டு மயக்கங்கள் நீங்கவேண்டும். தந்தை பூர்வீகச் சொத்தில் தம் பங்கை மட்டுமே உயிலால் அளிக்கமுடியும். மகனுக்கே எல்லாம் என எழுதிய உயில் மகளின் பிறப்புரிமையைத் தொடாது. அதேபோல், தந்தை தாமே ஈட்டிய சொத்தை உயிலின்றி விட்டுச்சென்றால், அதனைப் பெறும் மகனிடத்தில் அது தனிச்சொத்தாகவே இருக்கும். தாத்தா சொத்து என்பதனாலேயே பேரனுக்குப் பிறப்புரிமை எழுவதில்லை. 1986ஆம் ஆண்டின் சந்தர் சென் வழக்குத் தீர்ப்பு இதனை நிறுவியது.

தமிழகத்திலிருந்து எழுந்த அருணாசல கவுண்டர் எதிர் பொன்னுசாமி வழக்கு, தெளிவின்மை எவ்வளவு காலம் நீடிக்கக்கூடும் என்பதைக் காட்டுகிறது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு முன் உயிலின்றி இறந்த ஒருவர் தாமே வாங்கிய நிலம் ஒரே மகளைச் சேருமா, உடன்பிறந்தார் வழியினரைச் சேருமா என்பது வினா. மகளும் 1967இல் மக்களின்றி இறந்தார். அந்நிலம் மகளுக்கே உரியதாயிற்று என உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் கூறியபோது, உரிமையுடையவர்களின் அடுத்த தலைமுறையே எஞ்சியிருந்தது.

முதுமை: உயிலா, ஏற்பாட்டு ஆவணமா

முதுமையில் எழும் முதன்மையான வினா, சொத்தை இப்போதே கொடுப்பதா, இறப்பிற்குப்பின் சேருமாறு செய்வதா என்பதாகும். பேச்சுவழக்கில் செட்டில்மெண்ட் எனப்படும் ஏற்பாட்டு ஆவணம் பதிவானவுடன் உரிமை கைமாறுகிறது. உயிலோ எழுதியவரின் இறப்பிற்குப் பின்னரே உயிர்பெறுகிறது. எழுதியவர் தெளிந்த மனநிலையில் இருக்கும்வரை அதனை எத்தனை முறையும் மாற்றலாம். ஒரே வீட்டை உடைய முதியவர் அதனை ஏற்பாட்டு ஆவணத்தால் மகனுக்கு அளித்துவிட்டால், அவ்வீட்டில் வாழும் உரிமை மகனின் விருப்பத்தைச் சார்ந்ததாகிவிடலாம்.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இதற்குத் தீர்வொன்றை வழங்குகிறது. அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ளவேண்டும் என்னும் நிபந்தனையோடு அளித்த சொத்தைப் பெற்றவர், அந்நிபந்தனையைக் காக்கத் தவறினால், தீர்ப்பாயம் அவ்வாவணத்தைச் செல்லாதென அறிவிக்கலாம். நிபந்தனை இருந்தமை மெய்ப்பிக்கப்படவேண்டும் என சுதேஷ் சிக்காரா வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில் உர்மிளா தீட்சித் வழக்கில் அச்சட்டத்தை முதியோர்க்கு உதவும் வகையில் பொருள்கொள்ளவேண்டும் என்றது. கொடுப்பவர் இத்தீர்ப்புகளின் வேறுபாட்டை நம்பியிருக்கவேண்டியதில்லை. பராமரிப்பு நிபந்தனையையும் தம் வாழ்நாள் வரை வீட்டில் வாழும் உரிமையையும் ஆவணத்திலேயே தெளிவாக எழுதிக்கொள்வது பாதுகாப்பானது.

உயிலின் வலிமை

உயிலுக்கு முத்திரைத் தாள் தேவையில்லை. பதிவும் கட்டாயமன்று. எழுதியவர் கையொப்பமிடவேண்டும். குறைந்தது இரு சாட்சிகள், அவர் கையொப்பமிட்டதைக் கண்டோ அவர் அதனை ஒப்புக்கொள்ளக் கேட்டோ, அவர் முன்னிலையில் கையொப்பமிடவேண்டும். நீதிமன்றத்தில் உயிலை மெய்ப்பிக்க, உயிருடன் உள்ள சாட்சிகளுள் ஒருவரையேனும் விசாரிக்கவேண்டும். இவ்விதி முன்னர் 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தின் 68ஆம் பிரிவிலும், 2024 ஜூலை முதல் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 67ஆம் பிரிவிலும் உள்ளது. எனவே எழுதுபவரின் வயதொத்த நண்பரைவிட இளையவரைச் சாட்சியாகக் கொள்வது நன்று.

வேங்கடாசல ஐயங்கார் எதிர் திம்மஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இன்றும் வழிகாட்டுகிறது. ஐயத்திற்குரிய சூழல்கள் இருப்பின், அவற்றை நீக்கும் பொறுப்பு உயிலை முன்வைப்பவருடையது. நடுங்கும் கையொப்பம், பெரும்பயன் பெறுபவரே உயில் எழுதுவதில் முன்னின்றமை, இயல்பான வாரிசைக் காரணமின்றி விலக்கியமை ஆகியன அத்தகைய சூழல்கள். நோயுற்ற இறுதி நாள்களில் எழுதப்படும் உயில்களில் இவை எளிதில் இடம்பெறுகின்றன. நல்ல உடல்நலத்துடன் எழுதி, விலக்கப்பட்டவரை விலக்கியதற்கான காரணத்தைக் கூறி, மாவட்டப் பதிவாளரிடமோ நம்பிக்கைக்குரியவரிடமோ ஒப்படைத்த உயிலின்மீது ஐயம் எழுவது அரிது. முதுமை வரட்டும் எனக் காத்திருப்பவர், தம் உயில் மிக எளிதாக எதிர்க்கப்படக்கூடிய காலத்திற்காகவே காத்திருக்கிறார்.

முடிவுரை

இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் பங்கீடு அநீதியானது என்பது இக்கட்டுரையின் வாதமன்று. மகளுக்கு மகனோடு நிகரான பங்கும், தாய்க்கு மனைவியோடு நிகரான பங்கும் அளித்த வகையில் அது பழைய நடைமுறைகளைக் கடந்து சென்றது. ஆனால் அது பொதுவான குடும்பத்தை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. கடன் தவணை செலுத்தும் இளைஞர், தனியே பொருளீட்டும் மகள், பிரிந்து வாழும் துணைவர், இளவரோடு நிற்கும் விதவை, ஒரே வீட்டை நம்பியுள்ள முதியவர் ஆகியோரின் தனித்த சூழலை அது அறியாது. முதல் சொத்து, திருமணம், மகப்பேறு, மணமுறிவு, துணையின் மறைவு, ஓய்வு ஆகிய ஒவ்வொரு திருப்பத்திலும் நியமனங்களையும் உயிலையும் ஒருமுறை எடுத்துப் பார்த்தல் போதுமானது. அவ்வாறு பார்ப்பவர் சட்டத்தின் பங்கீடே தமக்கு உகந்தது எனக் கண்டு எதையும் எழுதாது விடலாம். அப்போது அது அறிந்து செய்த முடிவாக இருக்கும்.